என் மகளின் தலையும் பள்ளிக்கூடத்து ரிப்பனும்

முடி உதிர்வது வேறு, உடைவது வேறு என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, அமீரகத்தில் இருக்கும் அல் ஐனுக்கு ஏசி மெக்கானிக்காக வந்தவன் நான். மாதம் ஒருமுறை சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு வருவேன். முடிக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

என் மனைவி கென்யாக்காரி. இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு கோடையில் அந்தக் கிளினிக்கின் ஏசி மொத்தமாகப் படுத்துவிட, நான் அங்கே ஏணியும் கையுமாகக் கிடந்தபோது அறிமுகம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. இங்கிலீஷில் சண்டை போட்டு இங்கிலீஷில் சமாதானமாகி, நைரோபியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எங்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூக்கும் பிடிவாதமும் என்னுடையவை. தலைமுடி அவள் அம்மாவுடையது. கன்னங்கரிய, நெருக்கமான சுருள். ஒவ்வொரு முடியும் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல. ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் தோளைத் தாண்டி வரும். விட்டால் துள்ளிக் காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் தலை வேலை நடக்கும். மகள் கீழே ஒரு தலையணையில் உட்காருவாள், மனைவி பின்னால் சோபாவில். மதியம் சமைக்கும் நேரம் வரை அது போகும். நான் டீ போட்டுக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்துவிடும்.

போன வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் என் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மனைவி லீவ் போட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை என்னைச் சோபாவில் உட்கார வைத்து, மகளின் தலையை என் மடியில் கொடுத்தாள்.

"காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள்.

பண்ணினேன்.

முதலில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். அப்புறம் கை நிறையக் கண்டிஷனர். தலையை நாலைந்து பாத்திகளாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒரு பாத்தியை மட்டும் கையில் எடுக்க வேண்டும். சிக்கை விரலால் எடுத்த பிறகுதான் சீப்பு, அதுவும் விரல் நுழையும் அளவுக்குப் பல்லுக்குப் பல் இடைவெளி விட்டது. நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். வேர்ப்பக்கம் இடது கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், இழுப்பு தலைக்குப் போகாதபடி. முடித்த பாத்தியை இரண்டு இழையாகக் கயிறு திரிப்பது போல் திரித்து விட்டுவிட வேண்டும். நெற்றி ஓரமும் காதோரமும் தளர்வாக இருக்க வேண்டும். அங்கேதான் முடி மெல்லியது. இரவில் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை முடியிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், உரசியும் அறுக்கும்.

"எங்க ஊரில் எண்ணெய் வைப்போமே, அது போதாதா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் ஒரு மூடி. முதலில் தண்ணீர், அதற்கு மேலேதான் எண்ணெய். வெறும் பாத்திரத்துக்கு மூடி போட்டு என்ன பிரயோஜனம்?"

பிறகு அவள் சொன்னதுதான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நேரான முடியில் தலையில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கு வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருள் முடியில் அது வளைவுக்கு வளைவு தடைப்பட்டு மேலேயே நின்றுவிடும். நுனி எப்போதும் வறண்டு கிடக்கும். உடைவது என்றால் அந்த வளைவில்தான் உடையும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காப்பர் பைப்பை அவசரமாக வளைக்கிற புதுப் பையன்களை நான் தினமும் திட்டுகிறேன். வளைவில்தான் பைப் நசுங்கும், அங்கேதான் பின்னால் கேஸ் கசியும். அல் ஐனின் வறட்சியும் எனக்குத் தெரியும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே விடுகிற மெஷினை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். அந்த மெஷினுக்குக் கீழே என் மகள் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள், இரவெல்லாம் தூங்குகிறாள். அவள் முடி என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

மனைவி போன பிறகு முதல் சனிக்கிழமை எனக்குப் பாதி நாள் பிடித்தது. மாடி டேங்க் தண்ணீர் வெயிலில் கொதிக்கும் என்பதால் முதல் நாளே பக்கெட்டில் பிடித்து ஆற வைத்திருந்தேன். மகள் டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே, "அப்பா, மம்மி இவ்ளோ ஸ்லோ இல்லை," என்றாள். கோணல்மாணலாக இருந்தாலும் திரித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஓகே, நாட் பேட்," என்றாள். எனக்கு எந்த சைட் இன்ஜினியரும் தராத சந்தோஷம் அது.

அடுத்தடுத்த வாரங்களில் ஏதோ சரியில்லை என்று பட்டது. தலையைத் தொட்டாலே மகள் தோளை ஒடுக்கினாள். முன்பு அப்படிச் செய்ததில்லை. தலையணை உறையில் குட்டிக் குட்டியாகச் சுருள்கள் கிடந்தன, காற்புள்ளி போட்டது மாதிரி. வலது நெற்றியோரம் தோல் தெரிய ஆரம்பித்தது. அந்த ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்களும் இருந்தன. என் கைதான் காரணம் என்று பயந்தேன். மனைவிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நர்ஸ் குரலில் பேசினாள்.

"கீழே கிடக்கிற முடியில் ஒன்றை எடு. வெளிச்சத்தில் பிடி. ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் மாதிரி இருக்கிறதா?"

"இல்லை."

"இன்னொன்று?"

அதிலும் இல்லை. எடுத்த எதிலும் இல்லை. எல்லாம் அரைகுறைத் துண்டுகள்.

"வேரோடு வந்தால் அது உதிர்ந்தது. எல்லோருக்கும் தினமும் உதிரும். இது உதிரவில்லை, உடைகிறது. நீ காய்ந்த முடியைச் சீவுகிறாயா?"

"சத்தியமா இல்லை."

"இறுக்கிக் கட்டுகிறாயா?"

"இல்லை."

"அப்படியானால் வேறு யாரோ செய்கிறார்கள். கண்டுபிடி."

கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் அவள் தலையை நனைக்கும்போது காதுக்குப் பின்னால் ஏதோ விரலில் தட்டியது. ரப்பர் பேண்ட். மளிகைக் கடையில் பொட்டலத்துக்குப் போடும் மஞ்சள் ரப்பர் பேண்ட். முடியோடு பின்னி இறுகிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. கத்தரியால் ரப்பரை வெட்டி எடுத்தேன். அதோடு ஒரு சுருளும் கையோடு வந்தது.

"என்னத்தா இது?" என்றேன்.

அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். 

"அப்பா திட்ட மாட்டேன். சொல்லு."

"ஆயா ஆன்ட்டி போட்டது."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அசெம்பிளி முடிந்ததும் ஆயா அவளை டாய்லெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். என் திரிப்புகளை எல்லாம் பிரித்து, எண்ணெய் தடவி, சின்னச் சீப்பால் சீவி, ரெட்டைச் சடை போட்டு, கறுப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டுவாராம். சடை நிற்காததால் ரப்பர் பேண்ட். தலை வலிக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவளே ரிப்பனைப் பிய்த்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, முடியை விரலால் முறுக்கிவிட்டு வருவாள். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. கோணலாக இருக்கிற முறுக்கெல்லாம் என்னுடையது என்றே நான் நினைத்திருக்கிறேன்.

"ஏன்த்தா அப்பாகிட்ட சொல்லல?"

"சூப்பர்வைசர் மேடம் சொன்னாங்க. மம்மி ஊர்ல இல்ல, அப்பா பாவம், அப்பாவ டிஸ்டர்ப் பண்ணக் கூடாதுன்னு. குட் கேர்ள்ஸ் கம்ப்ளெயின் பண்ண மாட்டாங்கன்னு."

அந்த வாக்கியம் இன்று நினைத்தாலும் என் காதில் சூடு ஏறுகிறது. குழந்தையை வலிக்கச் செய்ததுகூட இரண்டாவது. அந்த வலியை அப்பனிடமிருந்து மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு என்மேல் பரிதாபப்படுவது போல் வேறு காட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் டியூட்டிக்குப் போகவில்லை. என்னோடு வேலை செய்யும் பெஷாவர்க்காரருக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இந்தியில், "பாய், ஸ்கூல் போகணும், சமாளிச்சுக்கோ," என்றேன். என் குரலைக் கேட்டு, அவர் காரணம் எதுவும் கேட்காமல் சரி என்றார்.

அது நம் நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிக்கூடம். பெண் குழந்தைகள் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் உண்டு. மழலை வகுப்பில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வருடம்தான் புதிதாக ஒரு சூப்பர்வைசர் அம்மா வந்திருந்தார். மதுரைப் பக்கம். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேச ஆரம்பித்தார்.

"வாங்க சார், உக்காருங்க. பாப்பா நல்லா படிக்குது. ஹேர்தான் கொஞ்சம் ப்ராப்ளமா இருந்துச்சு. இப்ப நாங்களே பாத்துக்கிறோம்."

நான் பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தேன். தலையணையிலிருந்து பொறுக்கிய துண்டு முடிகளும் அந்த ரப்பர் பேண்டும் அதில் இருந்தன.

"இது என்ன சார்?"

"என் பொண்ணோட முடி. நீங்க பாத்துக்கிட்டது."

அவர் முகம் மாறவில்லை. "சார், நாங்க நல்லதுக்குத்தான் பண்ணோம். அம்மா இங்க இல்ல. நீங்க ஆம்பளை, உங்களுக்கு என்ன தெரியும்? பிள்ளை தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்தா மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க. பின்னால உக்கார்ற பையனுக்கு போர்டு தெரியலன்னு அவங்க அம்மா கம்ப்ளெயின்ட். நம்ம ஊர் புள்ள மாதிரி லட்சணமா இருக்கட்டுமேன்னுதான்..."

"அவ என் புள்ளதான் மேடம். அவளுக்கு லட்சணம் இருக்கு. விரிச்சும் போடல. நான் திரிச்சுத்தான் அனுப்புறேன். அதைப் பிரிச்சது நீங்க. காஞ்ச முடியில பொடிச் சீப்பு வச்சு இழுக்கச் சொன்னது நீங்க. நெத்தியோரம் பாருங்க, சொட்டை விழுந்திருக்கு. இறுக்கிக் கட்டுனா வேரே செத்துப்போகும், அப்புறம் அந்த இடத்துல முளைக்கவே முளைக்காது. டாய்லெட்டுல வச்சு ஏன் பண்ணீங்க? நல்ல காரியம்னா எங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?"

"சார், ஆப்பிரிக்கன் ஹேரே அப்படித்தான். அது வளராது. சும்மா கூகிள்ல பாருங்க."

வளராதாம். எல்லாத் தலையிலும் முடி வேரிலிருந்து வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. என் மகளுக்கும் வளர்கிறது. ஒரு பக்கம் வளர, இன்னொரு பக்கம் இவர்கள் நுனியை உடைத்துக்கொண்டே இருந்தால் நீளம் எங்கிருந்து தெரியும்? நாற்றைத் தினமும் ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, இந்த மண்ணில் நெல் விளையாது என்று சொல்வது போலத்தான் அது.

இதை நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். வெளியில் நின்ற செக்யூரிட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "சார், இது நம்ம ஊர் இல்ல... உங்களுக்குத் தெரியும். ஒரு லேடி ஸ்டாஃப்கிட்ட கத்துனா போலீஸ் கேஸ் ஆயிடும். பாப்பா அம்மாவும் ஊர்ல இல்ல. பாத்துக்குங்க. உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா இருந்தா ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிடுங்களேன். எனக்குத் தெரிஞ்ச பார்லர் இருக்கு."

இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களின் கோபத்துக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விசா போனால் மகள் எங்கே, மனைவி எங்கே, நான் எங்கே? நான் உட்கார்ந்தேன்.   "என் பொண்ணு தலையில இனி யாரும் கை வைக்கக் கூடாது," என்று மட்டும், அவர் குரல் அளவுக்கே தாழ்த்திச் சொன்னேன். "ரூல்ஸ் ரூல்ஸ்தான் சார். நான் பிரின்சிபால்கிட்ட பேசுறேன்," என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறப் போகும்போது நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வேகமாக வந்தார். அந்த ஆயா. ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்கண்ணே. செய்யச் சொன்னாக, செஞ்சேன். புள்ள அழுகும்ணே. எனக்கும் மனசு கேக்காது."

"மனசு கேக்கலேல்ல? அப்ப நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்துனா என் வேலை போயிரும்ணே."

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். என்னைப் போலவே அவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர். ஆனாலும் என் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, அழ அழ, சீப்பை இழுத்தது அந்தக் கைதான். "சரிம்மா" என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மகளை அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பக்கத்து வீட்டில் விட்டேன், சமாளித்தேன். அந்த வாரம்தான் ஊரிலிருந்து அக்காவும் வீடியோவில் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அதுக்கு ஏன்டா தம்பி ஸ்கூல்ல போயிச் சண்டை? அடுத்த லீவுக்கு வர்றப்ப குலசாமிக்கு ஒரு மொட்டையப் போட்டுருவோம். ரெண்டு மொட்டை அடிச்சா நல்ல முடியா வந்துரும்."

"இப்ப இருக்கிறது கெட்ட முடியாக்கா?"

"அதுக்கில்லடா..."

"மொட்டை அடிச்சா முடி மாறாதுக்கா. அது வேருக்குள்ளயே அப்படித்தான் முளைக்குது. அவ அம்மா மாதிரி, அவ அம்மாவோட அம்மா மாதிரி. உனக்கு அந்த முகம் புடிக்கலன்னா நேரா சொல்லு."

அக்கா அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன். மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். "அத்தை தப்பா மீன் பண்ணல அப்பா," என்றாள். ஏழு வயதுக் குழந்தை பெரியவர்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல் இருந்தது.

மாமியார் எழுந்து நடக்கத் தொடங்கியதும் மனைவி திரும்பி வந்தாள். விமான நிலையத்திலேயே, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் நெற்றியோரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.  மறுநாள் காலை நேராகப் பள்ளிக்கூடம்.

பிரின்சிபால் அறையில் நாங்கள் இருவர், சூப்பர்வைசர், பிரின்சிபால். பிரின்சிபால் கேரளத்துக்காரர், வயதானவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். விதிமுறைகள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான் என்று சூப்பர்வைசர் இங்கிலீஷில் விளக்கினார். சீவியதில் தவறே இல்லை, குழந்தை கொஞ்சம் செல்லம், அதனால் அழுதிருக்கும் என்றார்.

என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தச் சீப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள்," என்றாள்.

கொண்டுவந்தார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சீப்பு. நம் வீடுகளில் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்குமே, அதுதான். மனைவி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பயணத்துக்குப் போட்டிருந்த பின்னல்களை அன்று காலைதான் பிரித்திருந்தாள். முடி எல்லாப் பக்கமும் எழுந்து நின்றது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சூப்பர்வைசருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சீவுங்கள்," என்றாள். "என் மகளுக்குச் செய்யச் சொன்னபடியே. தண்ணீர் வேண்டாம்."

மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. "இதில் என்ன இருக்கிறது மேடம்," என்று சிரித்துக்கொண்டே சீப்பை எடுத்தார். கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப இது நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்திருக்க வேண்டும். உச்சந்தலையில் சீப்பை வைத்து, நம் பெண் பிள்ளைகளுக்கு இழுப்பது போல் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார்.

விரல் அளவுகூட இறங்கவில்லை. சீப்பு நின்றது. அவர் இன்னும் அழுத்தினார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பொடுபொடுவென்று, காய்ந்த சுள்ளியை முறிப்பது போல. மெல்லிய சத்தம்தான். அந்த அறையில் ஏசியின் முனகலைத் தவிர வேறு சத்தமே இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. என் மனைவியின் தலை பின்னால் இழுபட்டது. கண்ணில் தண்ணீர் தளும்பியது.  நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்திருந்ததைப் போல் கஷ்டமான வேலையை நான் இந்தப் பாலைவனத்தில் எந்த மொட்டை மாடியிலும் செய்ததில்லை.

"போதும், போதும்," என்றார் பிரின்சிபால்.

சீப்பில் ஒரு பல் ஒடிந்திருந்தது. மீதிப் பற்களில் துண்டு துண்டாகச் சுருள்கள். மனைவி அதைக் கையில் வாங்கி அவர் மேஜையில் வைத்தாள்.

"எனக்கு வயது முப்பத்தாறு. நான் விரும்பி உட்கார்ந்தேன். என் மகள் விரும்பி உட்காரவில்லை. இதைத் தினமும் செய்திருக்கிறார்கள்," என்றாள். அவ்வளவுதான் பேசினாள். துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

திரிப்போ, தலையோடு ஒட்டிய பின்னலோ, எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பின்னலில் பாசிமணி மட்டும் கோக்கக் கூடாது, முடியை யாரும் தொட மாட்டார்கள் என்று பிரின்சிபால் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. "மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்ற சொல் நிறையத் தடவை வந்தது. சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேலை போகவில்லை. ஆயாவை மட்டும் வேறு பிளாக்குக்கு மாற்றினார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு முறை கோபம் வந்தது, இந்த முறை ஆயாவுக்காக.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளின் உடைந்த நுனிகளையெல்லாம் வெட்டினாள். பிளந்த நுனியை விட்டுவைத்தால் பிளவு மேலே மேலே ஏறும், பக்கத்து முடியோடு சிக்கி அதையும் உடைக்கும் என்றாள். மகள் கண்ணாடியில் பார்த்து, "ஷார்ட் ஆயிடுச்சு," என்று உதட்டைப் பிதுக்கினாள். நெற்றியோரத்தைப் பல மாதம் எதுவும் செய்யாமல் விட்டோம். பின்னல் இல்லை, பேண்ட் இல்லை, இறுக்கமே இல்லை. கொப்புளங்கள் சீக்கிரம் அடங்கின. இடது பக்கம் பூனை முடி போல முளைத்து, பிறகு சுருண்டது. வலது பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இன்றும் மெல்லியதாகத்தான் இருக்கிறது. தோல் டாக்டர் பார்க்கலாம், பொறுத்திருங்கள் என்கிறார். ஆண்டு விழா நடனத்தில் அவளைக் கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். உயரம் காரணம் என்றார்கள். அவளைவிட உயரமான இரண்டு பிள்ளைகள் முன்வரிசையில் ஆடின. நான் போட்டோ எடுத்தேன்.

சனிக்கிழமை வேலை இப்போது என்னிடமே இருக்கிறது. மனைவி சில சனிக்கிழமைகள் டியூட்டிக்குப் போவாள், போகாத நாளிலும் மகள் என் முன்னால்தான் வந்து உட்காருகிறாள். "மம்மி ஃபாஸ்ட், பட் அப்பா ஸ்டோரி சொல்றாரு," என்கிறாள். கம்பெனியில் சிலருக்கு இது தெரிந்து, "என்ன உஸ்தாத், ஏசிய விட்டுட்டு பார்லர் வச்சாச்சா?" என்று கிண்டல் செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில் அந்தச் சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தோம். கணவரோடு வந்திருந்தார். ஓடி ஒளிய இடமில்லாமல் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நேருக்கு நேர்.

"நல்லா இருக்கீங்களா சார்? அட, பாப்பா எவ்ளோ வளந்துட்டா!" என்று சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் மகளின் தலையைத் தடவக் கையை நீட்டினார்.

மகள் ஒரு அடி பின்னால் போனாள். "ப்ளீஸ் டோன்ட் டச்," என்றாள். கத்தவில்லை. பயப்படவும் இல்லை.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டது. என் மனைவி, "நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீங்கள்?" என்று கேட்டாள். அவளால் அது முடிகிறது.  நான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு பருப்பு இருந்த பக்கமாகப் போனேன்.